கை படாதது

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராண்டன்பெர்கர் என்ற ஸ்விஸ் ரசாயன நிபுணர், ஓட்டல் மேஜை விரிப்பில் ஒயின் கொட்டியதைப் பார்த்துக் கறை படியாத துணி செய்யக் கிளம்பினாராம். துணி உருப்படவில்லை. மேலே பூசிய விஸ்கோஸ் மட்டும் கண்ணாடிபோல் உரிந்து வந்தது. அதுதான் செலோபன். 1933-இல் இங்கிலாந்தில் பாலிதீன் கிடைத்தது. பிறகு பலசரக்குக் கடையே பளபளப்பாகிவிட்டது.

என் பாட்டி இன்னார் கை பட்டதைத் தின்னமாட்டாள். கைமுறுக்கு சுற்றிக் கொண்டுவந்த ஓர் அம்மாளை வாசலோடு அனுப்பிவிட்டாள். அன்று நான் பாட்டியோடு சண்டை போட்டு இரண்டு வேளை பட்டினி கிடந்தேன். அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை.

போன வாரம் கடையில் இரண்டு பொட்டலங்கள். ஒன்று காகிதத்தில் மடித்தது. மற்றது பிளாஸ்டிக் உறையில், 'கை படாமல் தயாரித்த கைமுறுக்கு' என்ற எழுத்தோடு. (எப்படிச் சுற்றினார்களோ!) விலை அதிகம். யோசிக்காமல் அதையே எடுத்தேன்.

ஈ, கிருமி, நமுத்துப்போவது எல்லாம் உண்மைதான். பாட்டியும் சுத்தம் என்றுதான் சொன்னாள். நான் காசு கொடுத்தது சுத்தத்துக்கா, அந்த அம்மாளின் கை இல்லாததற்கா?

முறுக்கு நன்றாகவே இருந்தது. மறுநாள் காலை குப்பை எடுக்க வந்தவள் அந்த உறையை வெறுங்கையால் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டாள்.