பள்ளிக்கூடமும் பிள்ளைகளின் அக்லாக்கும்



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் பேச்சுத்தான். ஆங்கில வழியா தமிழ் வழியா, கட்டணம் எவ்வளவு, வேன் தெருமுனைக்கு வருமா, பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்றெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறோம். நீதிபோதனை வகுப்பை இங்கே யார் நடத்துகிறார், அது உண்மையிலேயே நடக்கிறதா என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? கால அட்டவணையில் அந்த வகுப்பு இருக்கும். பரீட்சை நெருங்கியதும் கணக்கு வாத்தியார் அதை வாங்கிக்கொள்வார். பெற்றோர் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

“காலையில் மக்தபுக்குப் போய் ஓதுகிறானே, ஒழுக்கமெல்லாம் ஹஜ்ரத் சொல்லிக் கொடுத்துவிடுவார்” என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. மக்தபில் இருப்பது ஒரு மணி நேரம், பள்ளிக்கூடத்திலோ பகற்பொழுதெல்லாம். அடுத்தவன் பென்சில் கீழே கிடப்பதும், பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாள் கண்ணில் படுவதும், திக்கிப் பேசும் பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடச் சேக்காளிகள் தூண்டுவதும் அங்கேதான். பட்டப்பெயர் சூட்டுவதைத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருக்கிறது. அதை மக்தபில் ஓதியிருக்கலாம். அது நினைவுக்கு வரவேண்டிய இடம் விளையாட்டு மைதானமல்லவா?

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவர்களுக்கு அதபு கற்பித்த முறையைப் பாருங்கள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன் உமர், நாயகத்தின் பராமரிப்பில் வளர்ந்த பிள்ளை. ஒருநாள் உணவருந்தும்போது அவருடைய கை தட்டின் நாலாபக்கமும் அலைந்தது. பெருமானார் விரட்டவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக் கையால் உண்ணவும், தமக்கு அருகிலிருப்பதை எடுத்து உண்ணவும் சொல்லிக் கொடுத்தார்கள். அன்று முதல் தாம் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்று அவரே பிற்காலத்தில் அறிவித்திருக்கிறார். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. கை அலைந்த அந்தத் தட்டின் முன்னாலேயே பாடமும் நடந்தது! வகுப்பில் ஒரு பென்சில் காணாமற்போகும் நேரத்தில் பிள்ளைகளோடு இருப்பவர் ஆசிரியர்தான். அவர் அந்த வழக்கை எப்படித் தீர்த்துவைக்கிறார் என்பதே வகுப்பு முழுமைக்கும் நீதிபோதனை.

பிரம்பால் தீர்த்துவைத்தால்? இப்னு கல்தூன் அவர்கள் 1377-ல் எழுதி முடித்த முகத்திமாவில் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். கடுமைக்கு ஆளாகி வளரும் மாணவன், அடிக்குப் பயந்து பொய்யும் பாசாங்கும் பழகுகிறான். நாளடைவில் அதுவே அவன் குணமாகிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. (பிரம்பைக் கீழே வைக்காத மக்தபுகளுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.)

ஒழுக்கம் கற்பிக்கிறோம் என்று வேறு சமயத்தைப் புகுத்திவிடுவார்களோ என்ற அச்சம் சிலருக்கு இருக்கிறது. நியாயமான கவலைதான். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது; அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியிலும் பெற்றோர் சம்மதமின்றிச் சிறுவர்களை அதில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. தலைமையாசிரியரைக் கண்டு மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உண்மை பேசுவதையும் அமானிதம் பேணுவதையும் எந்த ஆசிரியர் கற்பித்தாலும் நமக்கு லாபமே. பத்ருப் போரில் பிடிபட்ட குறைஷிகளில் எழுதத் தெரிந்தவர்கள் மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றதாக வரலாற்று நூல்கள் கூறவில்லையா?

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்துபவை நீங்கலான தனியார் பள்ளிகளில், தொடக்க வகுப்பின் 25 சதவீத இடங்களையாவது நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. வசதியுள்ள தகப்பனார் வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்குகிறார். அந்த இடம் ஓர் ஏழைப் பிள்ளையின் ஹக்கு! வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு மகனும் பக்கத்தில் நிற்கிறான். நல்லொழுக்கம் கற்பிக்கும் நல்ல பள்ளியென்று தேடிப் போய், வாசலிலேயே பொய்யைக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது, ஒன்று தருகிறேன் வா என்று தாயார் அழைத்தார்கள். என்ன கொடுக்க எண்ணினாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று கூறினார்கள் நாயகம். அபூதாவூதில் வரும் ஹதீஸ் இது. ஒரு பழத்துக்கே இந்தக் கணக்கு என்றால் சான்றிதழுக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மார்க்கு விவரமெல்லாம் கேட்டு முடித்தபின், இன்னும் ஒன்றையும் கேட்டுவிட்டு வாருங்கள்: கண்டெடுத்த பொருளை என் பிள்ளை என்ன செய்கிறான், சார்?