மேல்மாடிக்குக் கைப்பிடிச் சுவர்
உயிரைக் காக்கச் சட்டம் வேண்டுமா?



உபாகமம் என்று நம் முன்னோர் அழைத்த இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்திலே, பலர் கவனியாமற் கடந்து போகும் சிறு கட்டளையொன்று உண்டு. புதிதாக வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாது விட்டு, ஒருவன் அங்கிருந்து விழுந்து இறப்பானாகில், இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்பது அதன் கருத்து. அக்கால இஸ்ராயேலரின் வீடுகளுக்குத் தட்டையான கூரையே இருந்தது. குடும்பத்தவர் அங்கே இளைப்பாறுவர், விருந்தினர் உறங்குவர், அறுவடை செய்தவற்றைக் காயப் போடுவர். ஆட்கள் நடமாடும் இடம் என்றபடியால் விழுகிற ஆபத்தும் இருந்தது.

விழுந்தவன் அவதானமாக நடந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொல்லவில்லை. மனிதன் கால் தடுமாறுகிறவன் என்பதை ஏற்றுக்கொண்டு, சுவர் கட்டும் கடமையை வீட்டுக்காரன் மேல் வைத்தது. யாத்திராகமம் 21ஆம் அதிகாரமும் இதே வழியிற் செல்கின்றது. குழியைத் தோண்டி மூடாது விட்டவனும், முட்டுகிற மாடு என்று அறிந்தும் கட்டி வையாதவனும் அங்கே பொறுப்பாளிகள் ஆகின்றனர்.

இன்று இந்தக் கேள்வி வேறு உருவத்தில் நம்முன் நிற்கின்றது. மக்களின் உயிரையும் சுகத்தையும் காக்க அரசாங்கம் சட்டத்தின் மூலம் இன்னும் கூடுதலாகச் செய்ய வேண்டுமா? மோட்டார்ச் சைக்கிளில் தலைக்கவசம், காரில் ஆசனப்பட்டி, சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் என ஒவ்வொரு சட்டம் வரும்போதும் இரண்டு முறைப்பாடுகளைக் கேட்கிறோம். "என் உயிர், என் விருப்பம்; அரசாங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்பது ஒன்று. "சட்டம் போட்டு மனிதரைத் திருத்த முடியாது, மனம் திருந்த வேண்டும்" என்பது மற்றது. இரண்டாவதைப் பிரசங்க மேடைகளிலும் கேட்கலாம். இவ்விரண்டுக்கும் மறுமொழி தேட, எமது நாட்டிலேயே நடந்த ஒரு விடயத்தை எடுத்துப் பார்ப்போம்.

பூச்சிமருந்தும் சட்டமும்

பசுமைப் புரட்சியின் காலத்திலே புதிய நெல்லினங்களோடு பூச்சிமருந்தும் களைநாசினியும் நமது கமக்காரரின் வீடுகளுக்குள் வந்தன. வன்னியின் வயல்களிலும், யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயத் தோட்டங்களிலும் அவை பயிரைக் காத்தன. வேலை முடிந்ததும் மருந்துப் போத்தல் இறப்பிலோ குசினி மூலையிலோ இருந்தது. கோபத்திலோ அவமானத்திலோ மனம் உடைந்த ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் அது இருந்தது.

விளைந்தது பெரும் துன்பம். 1950 தொடக்கம் 1995 வரையான காலத்தில், இலங்கையிலே தம்முயிரை மாய்த்தோரின் வீதம் எட்டு மடங்காகப் பெருகியது. 1995இல் அது இலட்சம் பேருக்கு 47 என்றிருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. அந்த மரணங்களிற் பெரும்பான்மை நஞ்சினால் நேர்ந்தவை.

அரசாங்கம் செய்தது என்ன? 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு பதிவாளரிடம் கொடுத்தது. அதன்கீழ் மிகக் கொடிய மருந்துகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. 1984இல் முதலாவது தடை வந்தது. உலக சுகாதார நிறுவனம் மிகக் கடும் நஞ்சென வகுத்த பிரிவில் எஞ்சியிருந்தவை 1995இல் நிறுத்தப்பட்டன. 1998இல் இன்னொன்றும், 2008 முதல் 2011 வரை மேலும் மூன்றும் தடைசெய்யப்பட்டன.

பலன் அளவிடக் கூடியது. 2005ஆம் ஆண்டளவில் அந்த மரண வீதம் பாதியாகக் குறைந்தது. பின்னரும் குறைந்து வந்தது. 1995 முதல் 2015 வரையான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று இதை ஆராய்ந்த அறிஞர் மதிப்பிட்டுள்ளனர். இந்தக் காலத்தின் பெரும்பகுதி யுத்த காலம் என்பதை நாம் அறிவோம். இடப்பெயர்வும் வறுமையும் சாராயமும் நம்மை விட்டுப் போய்விடவில்லை. நஞ்சருந்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டோரின் தொகையும் அந்த முதற் பத்தாண்டுகளிற் குறையவில்லை. கொண்டுவரப்பட்டோரிற் பிழைத்தோரின் தொகையே கூடியது.

மனம் திருந்தினாற் போதாதா?

மனம் திருந்தாமல் சட்டத்தினால் என்ன பயன் என்று கேட்போருக்கு இங்கே மறுமொழி உண்டு. இலங்கையில் நஞ்சருந்திப் பிழைத்தோரிடம் நடத்திய விசாரணையில், அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே அதைப்பற்றி யோசித்திருந்தனர் என்று தெரியவந்தது. வீட்டுச் சண்டை, குடிவெறி, ஏச்சு, தோல்வி. அதன்பின் ஒரு சில நிமிடம். அந்த நிமிடத்தைக் கடந்து பிழைத்தவர்களுட் பெரும்பாலோர் பின்பு அவ்வழியால் இறப்பதில்லை. சட்டம் அவர்களுடைய கவலையைத் தீர்க்கவில்லை. மறுநாள் விடியலைக் காணும் வாய்ப்பைக் கொடுத்தது. தாய் பேசுவதற்கும், கணவன் மன்னிப்புக் கேட்பதற்கும், குருவானவர் வீடு தேடிச் செல்வதற்கும் அந்த மறுநாள் தேவை. மனம் திருந்துவதற்கும் ஒருவன் முதலில் உயிரோடிருக்க வேண்டுமன்றோ?

என் உயிர், என் விருப்பமா?

அடுத்தது சுதந்திரத்தைப் பற்றிய கேள்வி. உயிர் கடவுள் நம்மிடம் ஒப்படைத்த பொருள்; நாம் அதன் காவலரேயன்றி உரிமையாளர் அல்லர் என்பது நமது விசுவாசம். ஆயினும் இந்த விசுவாசம் இல்லாதவரும் ஏற்கக்கூடிய நியாயம் ஒன்றுண்டு. சுதந்திரமான செயல் என்பது அறிந்து, தீர யோசித்துச் செய்யும் செயல். துயரத்தில் அறிவு மங்கியிருக்கும் பத்து நிமிடத்தில் செய்வதை முழுச் சுதந்திரமான செயல் என்று எவ்வாறு சொல்லலாம்?

திருச்சபை இதை நன்கு உணர்ந்துள்ளது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, வேண்டுமென்றே தன்னுயிரை மாய்த்தவனுக்குத் திருச்சபை முறையிலான அடக்கத்தை மறுத்தது. 1983இன் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும், செயல் பாரதூரமானது என்பதை மறைக்காமல், கடும் மனக்குழப்பமும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று போதிக்கின்றது. அத்தகையோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கூறுகின்றது. சவக்காலையில் நின்று "பாவம், அந்த நேரம் அவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது" என்று இரங்குகிற நாம், அவன் உயிரோடிருந்தபோது "அது அவனுடைய சுதந்திரம்" என்று எப்படி ஒதுங்கி நிற்கலாம்? அன்று தடுமாறுவான் என்பது உண்மையானால், முன்கூட்டியே சுவர் கட்டுவதும் கடமையாகின்றது.

குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும் என்றால்?

இதைவிட வலுவான ஒரு தடையும் உண்டு; அது திருச்சபையின் போதனையிலிருந்தே எழுகின்றது. சிறிய சமூகங்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய சமூகம் பறித்துக்கொள்வது அநீதி என்று 1931இல் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் போதித்தார். அவ்வாறாயின் போத்தலைப் பூட்டி வைப்பது குடும்பத்தின் வேலையல்லவா? அரசாங்கம் ஏன் தலையிட வேண்டும்?

இதையும் நமது நாட்டிலே சோதித்துப் பார்த்துள்ளனர். அநுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில், ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கி ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக் கிராமங்களின் கமக்கார வீடுகளுக்கு, மருந்தைப் பூட்டி வைக்கப் பெட்டிகள் வழங்கப்பட்டன. மறு பாதிக்கு வழங்கப்படவில்லை. 2017இல் முடிவு வெளியானது. பெட்டி பெற்ற கிராமங்களில் நஞ்சருந்துதல் குறையவில்லை. பூட்டு இருக்கும் வீட்டிலேதான் திறப்பும் இருக்கின்றது. அந்தியில் களைத்து வரும் கமக்காரன் ஒவ்வொரு நாளும் பூட்டுவான் என்பதற்கும் உறுதியில்லை. கடையில் எந்த மருந்து விற்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் வல்லமை எந்தக் குடும்பத்துக்கும் கிடையாது. கப்பல் வரும் துறைமுகத்தில் தடுக்க அரசாங்கத்தினால் மட்டுமே முடியும். ஆகவே இங்கே அரசாங்கம் தலையிட்டது பாப்பரசரின் போதனைக்கு மாறானதன்று. குடும்பத்தினால் இயலாததை அது செய்தது.

எந்தச் சட்டமும் நல்லதா?

அவ்வாறாயின் காப்பதற்கென்று சொல்லி வரும் சட்டம் எல்லாவற்றையும் வரவேற்கலாமா? இல்லை. சட்டம் என்பது பொது நன்மைக்காக, சமூகத்தின் பொறுப்பை ஏற்றவரால் இயற்றப்பட்டு, யாவரும் அறிய அறிவிக்கப்பட்ட அறிவின் ஒழுங்கு என்று புனித தோமஸ் அக்குவினாஸ் வரையறுத்தார். மனிதச் சட்டம் எல்லாத் தீமையையும் தடை செய்ய முற்படலாகாது, மக்களைப் படிப்படியாகவே நடத்திச் செல்ல வேண்டும் என்றும் அவர் எச்சரித்தார். நிறைவடையாத மனிதர் மேல் தாங்கமுடியாத சுமையை ஏற்றினால், அவர்கள் முன்னிலும் மோசமான தீமைக்குள் விழுவர் என்பது அவரது நியாயம்.

இதற்கும் உதாரணம் தூரத்தில் இல்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், இரசாயன உரத்தினதும் விவசாய மருந்துகளினதும் இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியது. மக்களின் சுகநலமும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்பட்டது. மாற்று ஏற்பாடு போதியளவில் இருக்கவில்லை. கமக்காரரின் சொல் கேட்கப்படவில்லை. விளைச்சல் வீழ்ந்தது, அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அரசாங்கம் பின்வாங்க நேர்ந்தது. முன்னைய தடைகளோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் படிப்படியாக வந்தவை. மிகக் கொடிய மருந்தை மட்டும் நிறுத்தி, கொடுமை குறைந்த வேறு மருந்துக்கு இடம் விட்டன. அவற்றினால் நெல் விளைச்சல் குறைந்ததாக ஆய்வாளர் காணவில்லை. இரண்டும் கமக்காரரின் மருந்தைத் தொட்ட சட்டங்களே. ஒன்று உயிர்களைக் காத்தது. மற்றது ஏழையின் பானையைக் காலியாக்கியது.

இங்கே பழைய ஏற்பாட்டின் கட்டளையை மீண்டும் நினைவுகூரலாம். சுவரைக் கட்டும் செலவை அது விருந்தாளியிடம் கேட்கவில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரனிடம் கேட்டது. நல்ல பாதுகாப்புச் சட்டமும் ஆபத்தினால் இலாபம் பெறுகிறவன் மேலேயே முதலிற் சுமையை வைக்கும். இறக்குமதி செய்பவன், உற்பத்தி செய்பவன், விற்பவன் ஆகியோர் முன்னே வருவர். நாட்கூலிக்குத் தோட்டத்தில் மருந்தடிப்பவன் கடைசியாகவே வருவான்.

ஆகவே என் முடிவு இதுதான். ஆபத்துப் பாரதூரமானதாயும், தனி மனிதராலும் குடும்பத்தாலும் தடுக்க முடியாததாயும் இருந்து, மாற்று வழியும் உண்டாயின், சட்டம் தலையிட வேண்டும். இன்றிருப்பதிலும் கூடுதலாகவே தலையிட வேண்டும். இவற்றைப் பாராமல், ஏழையைக் கலந்து பேசாமல் அவசரத்தில் வரும் சட்டத்தை எதிர்ப்பதும் நமது கடமையே.

சட்டத்துக்கு எட்டாத இடம்

சட்டம் எவ்வளவு நல்லதானாலும் அது வீட்டு வாசலிலே நின்றுவிடும். பரீட்சையில் தவறிச் சாப்பிடாமற் படுத்திருக்கும் மகனின் பக்கத்தில் வந்து இருக்க அதனால் முடியாது. நுண்கடன் தவணைக்காரனுக்குப் பயந்து கதவைச் சாத்தியிருக்கும் அயல்வீட்டுச் சகோதரியிடம் அது பேசாது. ஆபேலைப் பற்றிக் கேட்கப்பட்டபோது காயின் சொன்ன மறுமொழியை நாம் சொல்லாதிருப்போமாக. மனம் சோர்ந்திருப்பவரிடம் நேராகவே கேளுங்கள்; கேட்டபின் பொறுமையாகச் செவிகொடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் உண்டு. 1974 முதல் சுமித்திரயோ தொண்டர்களும் இப்பணியைச் செய்து வருகின்றனர். இவற்றை நாடுவது வெட்கத்துக்குரியதன்று. இவ்விதம் ஒருவரை இழந்த குடும்பத்தின் செத்தவீட்டுக்குத் தயங்காமற் செல்லுங்கள். அங்கே காரணம் விசாரியாதீர்கள்.

மருந்துக் கடை வைத்திருக்கும் நம் மக்களுக்கும் ஒரு சொல். தடைசெய்த பொருளை ஒளித்து விற்பதும், சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பதும் வெறும் சட்டமீறல் மாத்திரம் அல்ல. ஐந்தாம் கட்டளையோடு சம்பந்தப்பட்ட காரியம். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது அதையும் யோசித்துப் பாருங்கள்.

பங்குகளில் உள்ள வின்சென்ட் டி போல் சபையினரும், மரியாயின் சேனையினரும், இளைஞர் ஒன்றியத்தினரும் அடுத்த கூட்டத்தில் இவ்விடயத்தைப் பேசலாம். தங்கள் கிராமத்தில் மருந்து எங்கே விற்கப்படுகின்றது, எங்கே வைக்கப்படுகின்றது, மூடாத பாழ்கிணறுகள் எத்தனை, பாடசாலைக்கு முன்னே வீதியைக் கடக்கும் பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு உண்டு என்று எழுதி, பிரதேச சபைக்குக் கொடுக்கலாம். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருபவரிடமும் அதே பட்டியலைக் காட்டி, இவற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் மறுமொழியைக் கேட்டு உங்கள் வாக்கைத் தீர்மானியுங்கள்.