துவராடை போர்த்த மரங்கள்

தாய்லாந்தின் வடக்கிலுள்ள பயாவ் மாகாணத்தில், 1980களின் பிற்பகுதியில், காடு அழிந்து ஓடைகள் வற்றுவதைக் கண்டு கலங்கிய பிர குரு மனாஸ் என்ற பிக்கு, முதிர்ந்த மரத்தின் அடியில் துவராடையைச் சுற்றிக் கட்டி அதற்குத் துறவுச் சடங்கு நடத்தினார். பிக்குவின்மேல் கைவைப்பதை மகாபாவமாகக் கருதும் அந்நாட்டில், துவராடை பூண்ட மரத்தில் கோடரி வைக்க எவர் மனமும் எளிதில் துணியாது என்பதே அச்சடங்கின் உட்கருத்து. மனிதர்க்கன்றி வேறெதற்கும் துறவளிக்கப் பிக்குகளின் ஒழுக்க விதியான விநயத்தில் இடமில்லையென்று ஆசாரப் பற்றுடையோர் கண்டித்தார்கள். மரம் மெய்யாகவே பிக்குவாகிவிட்டதென்று சடங்கை நடத்தியவர்களும் சொல்லவில்லையாதலால், அந்த ஆட்சேபத்தில் பெரிய சாரம் இருப்பதாகத் தோன்றவில்லை. அதனினும் கனத்த கேள்வி வேறொன்று உண்டு: காட்டைக் காப்பதற்காக ஏழையின் வயிற்றில் அடிப்பது தர்மமாகுமா?

சியாங் மாய் மாகாணத்துச் சோம் தோங் வட்டாரத்தில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. அங்கே ஆசார்ய பொங்சக் என்ற பிக்குவும் பள்ளத்தாக்கு உழவர்களும், ஓடை வற்றியதற்கு மலைமேல் முட்டைக்கோசு பயிரிட்ட ஹ்மோங் மக்களே காரணமென்று கொண்டு, முள்வேலியிட்டுக் காட்டை அடைத்து, அவர்களை மலையினின்று இறக்க வேண்டுமென்று கோரினார்கள். ஆனால் ஹ்மோங் மக்கள் முட்டைக்கோசை நாடியது பேராசையாலன்று; அபினியை விட்டுக் காய்கறி பயிரிடுமாறு வடமலை மக்களைத் தூண்டியவை அரசாங்கமும் அயல்நாட்டு உதவித் திட்டங்களுமே. பள்ளத்தாக்கிலோ பழத்தோட்டங்கள் பெருகி, கோடையிலும் நீர் தேவைப்படலாயிற்று. ஆக, தலைமடையிலும் கடைமடையிலும் ஒரே நீரை இருசாராரும் இழுத்துக்கொண்டிருந்தபோது, பழி மட்டும் மேட்டின்மேல் ஏறியது. பிக்குவின் காருண்யத்தில் ஐயமில்லை. பள்ளத்து உழவரும் செல்வரல்லர். அழிந்த காடு ஒரு தலைமுறையில் மீளாது என்ற அச்சமும் நியாயமானதே. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் அம்முள்வேலியை அறமென்று சொல்ல மனம் இசையவில்லை. ஏனெனில், பலர் கூடிச் செய்த பிழைக்குரிய பிராயச்சித்தத்தை, எதிர்த்துப் பேச வலுவற்ற ஒரு சிறு கூட்டத்தின் தலையில் அது சுமத்தியது.

புரிராம் மாகாணத்து டோங் யாய் காட்டில் பிரசாக் குத்தசித்தோ என்ற பிக்கு செய்தது வேறு. 1988இன் பெருவெள்ளத்துக்குப் பின், 1989 ஜனவரியில் அரசாங்கம் மரம்வெட்டும் உரிமங்களை ரத்துச் செய்திருந்தது. ஆயினும் சில காலத்துக்குள், சீரழிந்த காட்டைச் சீர்ப்படுத்துவதாகச் சொல்லி, அங்கே குடியிருந்த ஏழை உழவர்களை வெளியேற்றி யூகலிப்டஸ் நட இராணுவத்தின் திட்டம் முற்பட்டபோது, அவர் மரங்களுக்குத் துவராடை கட்டி அவ்வுழவர்களோடு நின்றார். 1991இல் கைதும் செய்யப்பட்டார். இங்கே அத்துணி காட்டோடு காட்டை நம்பி வாழ்ந்தவனையும் சேர்த்துப் போர்த்தியது.

பௌத்த மறையான தீக நிகாயத்துக் கூடதந்த சூத்திரத்தில், கொள்ளை மலிந்த நாட்டின் அரசன் பெருவேள்வி செய்ய விரும்புகையில், தண்டனையால் கள்வர் ஒழியமாட்டார்களென்றும், உழவனுக்கு விதையும் வணிகனுக்கு முதலும் ஊழியனுக்கு ஊதியமும் அளிப்பதே வழியென்றும் புரோகிதன் புத்தி சொல்கிறான். சோம் தோங்கில் வேலிக்கு முன் சென்றிருக்க வேண்டியது அந்த விதையே: சரிவில் மண்ணை அரிக்காத பயிர், அது பலன் தரும்வரை கைம்முதல், உழும் நிலத்துக்கு உரிமைப் பத்திரம், பள்ளத்துத் தோட்டங்களும் கட்டுப்படத்தக்க ஒரு நீர்முறை.

புவி வெப்பமுறும் இந்நாளில், காட்டுக்கும் ஏழைக்குமான அவ்வழக்கு உலகளவில் விரிந்திருக்கிறது. தொலைநாட்டு ஆலைகள் கக்கும் கரியமில வாயுவுக்கு ஈடாக ஏழை நாட்டுக் காடுகளை விலைபேசும் ஏற்பாட்டில், ஆலையின் புகை குறையாதிருக்க, காட்டில் சுள்ளி பொறுக்கியும் கிழங்கு தோண்டியும் பிழைப்பவன் வெளியேற நேர்ந்தால், அங்கே காக்கப்படுவது மரமா ஆலையின் ஆதாயமா என்று கேட்கும் கடமை, கொல்லாமையோடு கள்ளாமையையும் சீலமாக ஏற்றவர்களுக்கு மற்றவரினும் மிகுதியாக உண்டு.