ஈரத்தை மேலே வையுங்கள்: கணினியும் கைபேசியும் அமானிதமும்



புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

இன்றைய ஜும்ஆவில் கணினி, செல்போன் பற்றிப் பேசப் போகிறேன். ஹஜ்ரத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம் பள்ளிவாசலில் நடந்த ஒரு விஷயம்தான் என்னைப் பேச வைக்கிறது. அதில் என் தவறும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மாடியில் மக்தப் பிள்ளைகளுக்காக ஆறு கணினிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் உழைக்கும் நம் முஹல்லா சகோதரர்கள் வாங்கிக் கொடுத்தவை. சென்ற ஆண்டு அவற்றைப் பார்க்க வந்த சர்வீஸ்காரர், விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, ஆறையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, இரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தார். கமிட்டியில் விவாதம் சூடு பிடித்தது. புதிதாகவே வாங்கிவிடலாம் என்று ஒரு சாரார். இருப்பதிலேயே லினக்ஸ் போடலாம், செலவே இல்லை என்று கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. நான் எந்தப் பக்கம் இருந்தேன் தெரியுமா? புதிது வாங்கும் பக்கம். பிள்ளைகளுக்குத்தானே, பணம் அல்லாஹ் தருவான் என்று சொன்னேன். அது யாருடைய பணம் என்று யோசிக்காமல் சொன்னேன்.

உண்மையில் என்ன முடிந்தது?

2015இல் வந்த விண்டோஸ் 10க்கு இலவசமாகப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கொடுப்பதை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அன்றைக்குக் கணினி நின்றுவிடவில்லை. ஆனால் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க ஆள் இல்லை. ஆகவே இணையத்தில் இணைத்து அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது ஆபத்து. தனிநபர்கள் 2026 அக்டோபர் வரை புதுப்பிப்பை நீட்டித்துக்கொள்ள ஒரு வழியும் அப்போது கொடுத்தார்கள்.

அடுத்து வந்த விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். புராசஸரும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். நம் கணினிகளில் அந்தத் தகுதி இல்லை. பாதுகாப்புக்காகத்தான் இந்த நிபந்தனை என்கிறது கம்பெனி. அதில் நியாயம் இருக்கிறது. நன்றாக ஓடும் இயந்திரங்கள் குப்பைக்குப் போகின்றனவே என்கிறார்கள் மறுதரப்பினர். அதிலும் நியாயம் இருக்கிறது. ஐ.நா. வெளியிட்ட அறிக்கைப்படி 2022இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் கால் பங்குகூட முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போகவில்லை.

சகோதரர்களே! வீண்விரயம் செய்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்று அல்லாஹ் கண்டிக்கிறான் (திருக்குர்ஆன் 17:26, 27). சோற்றைக் கொட்டினால் நமக்கு இந்த வசனம் ஞாபகம் வருகிறது. ஓடுகிற கணினியைத் தூக்கிப் போடும்போது ஏன் வருவதில்லை?

செருப்பைத் தைத்த நபி

வீட்டில் இருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தமது செருப்பைத் தாமே தைப்பார்கள், ஆடையைத் தாமே சரிசெய்வார்கள் என்று அன்னையவர்கள் பதில் சொன்னார்கள் (முஸ்னத் அஹ்மத்). உமர் (ரலி) அவர்கள் ஆட்சித் தலைவராக இருந்த காலத்தில், அவர்களுடைய தோள்களுக்கு இடையே ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுப் போட்ட ஆடையைப் பார்த்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (முவத்தா மாலிக்).

புதுச் செருப்பு கொடுக்க மதீனாவில் ஆளில்லாமலா போய்விட்டது? கேட்டிருந்தால் ஸஹாபாக்கள் உயிரையே கொடுத்திருப்பார்கள். ஒரு பொருளில் பயன் மிச்சம் இருக்கும்வரை அதைத் தைத்துப் பயன்படுத்துவதை நபியவர்கள் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. நம் வீட்டில் ஒட்டுப் போட்ட செல்போன் கவர் என்றால் பிள்ளை கல்லூரிக்கு எடுத்துப்போக வெட்கப்படுகிறான்.

எங்கள் கணினியில் கிடைத்த ஹராம்

கடைசியில் அந்தத் தம்பியிடம், ஒரு கணினியில் மட்டும் போட்டுக் காட்டு என்றோம். அவர் ஆறையும் திறந்து பார்த்தார். மறுநாள் என்னைத் தனியாக அழைத்து, ஹஜ்ரத், ஒரு விஷயம் சொன்னால் கோபப்படக் கூடாது என்றார். ஆறிலும் இருந்த விண்டோஸ், ஆபீஸ் எல்லாமே கிராக் செய்து போட்டவை. லைசென்ஸ் எதற்கும் இல்லை.

எட்டு வருடமாகப் பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். குர்ஆன் ஓதும் முறையை அதில்தான் காட்டினோம். வாங்கும்போது கணினிக்கு பில் கேட்டோம். உள்ளே இருப்பதற்கு பில் இருக்கிறதா என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், அவ்வளவு பெரிய கம்பெனி, நாம் நாலு காப்பி போட்டால் அவனுக்கு என்ன நஷ்டம் என்றார். இன்னொருவர், அவர்களெல்லாம் நமக்கு எதிரானவர்கள், அவர்களிடம் எடுத்தால் தப்பில்லை என்றார். இந்த இரண்டு பேச்சும் நம்மில் பலருடைய மனதில் இருக்கிறது. ஆகவே பதிலைக் கேளுங்கள்.

1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, எழுத்து, கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் போன்றவற்றின் மீது உரியவர்களுக்கு இருக்கும் உரிமை மார்க்கத்தில் மதிக்கப்பட வேண்டிய உரிமை, அதை மீறுவது கூடாது என்று தீர்மானம் செய்தது. கையால் தொட முடியாத பொருள் என்பதால் அது கேட்பாரற்ற பொருள் ஆகிவிடாது.

எதிரி என்ற வாதத்துக்கு ஹிஜ்ரத் இரவே பதில். நபி (ஸல்) அவர்களைக் கொல்ல வாளோடு வீட்டைச் சூழ்ந்து நின்றார்கள் மக்காவாசிகள். அதே மக்காவாசிகளின் பொருள்கள் அந்த வீட்டுக்குள் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டுத்தான் நபியவர்கள் புறப்பட்டார்கள். ஒரு கம்பெனியைப் பிடிக்கவில்லையா? அதன் பொருளை வாங்காமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். பிடிக்காத கம்பெனியின் பொருளைத் திருடிப் பயன்படுத்துவதற்குப் புறக்கணிப்பு என்று பெயர் கிடையாது.

லினக்ஸ் இங்கே நமக்குக் கை கொடுத்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு உலகமெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்த்தது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்கூட லினக்ஸின் கருவின் மேல்தான் ஓடுகிறது. ஆறு கணினிக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டி, லினக்ஸ் போட்டு, ஆபீஸுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ் போட்டார் அந்தத் தம்பி. பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

எல்லாம் சுலபமாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். பழைய பிரிண்டர் இரண்டு வாரம் அடம் பிடித்தது. பைத்துல்மால் கணக்கு எழுதும் மென்பொருள் லினக்ஸில் ஓடவில்லை. அதற்காக ஒரே ஒரு புதிய கணினி, லைசென்ஸோடு, பில்லோடு வாங்கினோம். தேவைக்கு வாங்குவது வீண்விரயம் ஆகாது. மீதிப் பணம் முஹல்லாவில் கல்விக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குப் போனது. அன்று நான் கேட்டபடி நடந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்? உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் (புகாரி) உங்களுக்கு முன்பாக எனக்குத்தான்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த விவாதத்தில் லினக்ஸ்காரர்களும் விண்டோஸ்காரர்களும் ஒருவரையொருவர் பேசிய பேச்சைக் கேட்டேன். வாசலில் நின்று ஐபோன், ஆண்ட்ராய்டு என்று கேலி பேசுவதையும் கேட்கிறேன். லினக்ஸும் மார்க்கம் அல்ல, விண்டோஸும் மார்க்கம் அல்ல. கருத்துச் சொல்லுங்கள்; கையில் இருக்கும் போனை வைத்து ஒரு முஸ்லிமை இழிவாகப் பார்க்காதீர்கள். கேலி செய்யப்படுபவர் கேலி செய்பவரைவிடச் சிறந்தவராக இருக்கலாம் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (திருக்குர்ஆன் 49:11).

குவியலுக்குள் இருந்த ஈரம்

நம் ஜமாஅத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். இனி சொல்வது உங்களுக்கு.

கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. விசாரித்தபோது, மழை பெய்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டார்கள் நபியவர்கள். மோசடி செய்பவருக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்றும் அறிவித்துவிட்டார்கள் (அறிவிப்பவர்: அபூஹுரைரா (ரலி), நூல்: முஸ்லிம்).

கவனியுங்கள். அந்த வியாபாரி சொன்ன காரணம் பொய்யென்று ஹதீஸில் இல்லை. மழை பெய்தது, தானியம் நனைந்தது. ஈரம் குற்றம் அல்ல. ஈரத்தை உள்ளே வைத்துக் காய்ந்ததை மேலே வைத்ததுதான் குற்றம்.

இந்தக் காலத்தில் இதற்கு ஒப்பான சம்பவம் ஒன்று உண்டு. பேட்டரி பழசாகிப்போன ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் புதுப்பிப்பு மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருப்பதற்காகச் செய்தோம் என்று காரணம் சொன்னது. பேட்டரி தேய்வது இயற்கை, மழை போல. ஆனால் வாடிக்கையாளரிடம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. போன் மெதுவாகிவிட்டது என்று நினைத்துப் புது போன் வாங்கியவர்களுக்கு, பேட்டரியை மாற்றினாலே போதும் என்பது தெரியாது. பிறகு கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. மக்களிடம் சொல்லாமல் விட்டதற்காக 2020இல் பிரான்ஸ் அரசு விதித்த அபராதம் இரண்டரைக் கோடி யூரோ.

பெரிய கம்பெனியைக் குறை சொல்வது சுலபம். நம் கடைக்கு வருவோம். டூப்ளிகேட் டிஸ்ப்ளே மாட்டிவிட்டு ஒரிஜினல் என்று சொல்கிறோமா? தண்ணீரில் விழுந்த போனைத் துடைத்து, செகண்ட் ஹேண்டில் புதுசு மாதிரி என்று விற்கிறோமா? ஐந்நூறு ரூபாயில் சரியாகும் பழுதுக்கு, போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறோமா? வருகிற அம்மாவுக்கு போர்டு தெரியாது. அவர் நம் தாடியையும் தொப்பியையும் நம்பித்தான் போனைக் கொடுக்கிறார். உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து (அறிவிப்பவர்: ஹகீம் பின் ஹிஸாம் (ரலி), நூல்: புகாரி).

பழுதுக்கு வரும் போனில் ஒரு குடும்பத்தின் புகைப்படங்கள் இருக்கின்றன. பழுது பார்க்கத்தான் கொடுத்தார்கள், பார்த்து ரசிக்க அல்ல. நபியவர்களின் அறைக்குள் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தவர் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கப்பட்டார் என்பதை ஹதீஸில் படிக்கிறோம் (புகாரி). கேலரியைத் திறப்பதும் அந்தத் துவாரம்தான்.

நாம் செய்ய வேண்டியது

புது போன் வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: பழையதில் உண்மையில் என்ன குறை? பேட்டரி என்றால் பேட்டரியை மாற்றுங்கள். தவணையில் வாங்கினால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய போனை விற்கும் முன் உள்ளே இருப்பதை முழுமையாக அழியுங்கள். வீட்டுக் கணினியில் கிராக் செய்த மென்பொருள் இருந்தால் நீக்குங்கள்; காசு கொடுத்து வாங்குங்கள், இல்லையென்றால் இலவசமாக அனுமதிக்கப்பட்டதைப் போடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் ஞாயிறு அஸருக்குப் பிறகு மாடிக்கு வாருங்கள். அந்தத் தம்பி கட்டணமில்லாமல் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

யா அல்லாஹ்! தெரிந்தும் தெரியாமலும் நாங்கள் மீறிய உரிமைகளை மன்னிப்பாயாக! உன் பள்ளிவாசலின் பொருளில் நாங்கள் காட்டிய அலட்சியத்தை மன்னிப்பாயாக! எங்கள் வியாபாரிகளுக்கு, குறையைச் சொல்லி விற்கும் துணிவைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான கல்வியைத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.