மண்டபத்தைக் கட்டியவன்

எங்கள் கேஸ் ஸ்டேஷன் கடையில் ஆறு கேம் மெஷின்கள் நிற்கின்றன. காபி வைத்திருக்கும் மேசைக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில், ஜன்னலை ஒட்டி. அட்லாண்டாவிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் எங்கள் ஊர். ஜார்ஜியா மாநிலச் சட்டப்படி ஒரு கடையில் ஒன்பது மெஷின் வரை வைக்கலாம். உள்ளூர் நிர்வாகம் விரும்பினால் அதை ஆறாகக் குறைக்கலாம். எங்கள் ஊரில் குறைத்தார்கள். அதற்கான நகரசபைக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், எச்சரிக்கைப் பலகையை எந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்று நெடுநேரம் பேசினார்கள். ஒன்பதில் இருக்கும் தவறு ஆறில் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மெஷின் வைத்திருக்கும் கடைக்காரனாகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

சட்டத்தின் பார்வையில் இது சூதாட்டம் அல்ல, திறமை விளையாட்டு. திரையில் படங்கள் சுழன்று நிற்கும். நின்றதும் ஆடுகிறவர் ஒரு படத்தை மேலேயோ கீழேயோ நகர்த்தி வரிசையைச் சேர்க்க வேண்டும். அந்த ஒரு நகர்த்தல்தான் திறமை. ஜெயித்தால் கையில் காசு தரக்கூடாது. புள்ளிகளுக்கு ஈடாகக் கடைச் சாமான், பெட்ரோல், லாட்டரிச் சீட்டு தரலாம். பீரும் சிகரெட்டும் கூடாது. கடையின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் மெஷினிலிருந்து வரக்கூடாது. இத்தனையும் நாங்கள் சுத்தமாகப் பின்பற்றுகிறோம். ஒரு நாளும் காசாகக் கொடுத்ததில்லை.

டைல்ஸ் ஒட்டும் வேலை செய்பவர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் வருவார். முழங்காலில் சிமெண்ட் காய்ந்திருக்கும். சென்ற குளிர்காலத்தில் ஒரு வெள்ளி இரவு ஏழு மணிக்கு உட்கார்ந்தவர் பத்தரைக்குத்தான் எழுந்தார். இருபது டாலர் நோட்டுக்கு என்னிடமே மூன்று முறை சில்லறை வாங்கினார். அதற்கு முன்னால் எவ்வளவு போட்டார் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் முப்பத்தைந்து டாலருக்குப் புள்ளி இருந்தது. குழந்தைக்கு ஒரு பை டயப்பர், ஒரு கேலன் பால் எடுத்துக்கொண்டார். மீதிக்குச் சுரண்டல் சீட்டு கேட்டார். கிழித்துக் கொடுத்தேன். கவுண்டரிலேயே சுரண்டினார். ஒன்றும் விழவில்லை. குட் நைட் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு நான் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் கல்லாவைப் பூட்டும்போது என் அப்பா நினைவுக்கு வந்தார்.

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். 1968இல் அண்ணா முதல்வராக இருந்தபோது தொடங்கிய அரசு லாட்டரி, நான் வளர்ந்த காலத்தில் ஊரெங்கும் பெட்டிக்கடைகளில் கயிறு கட்டித் தொங்கியது. அப்பா மட்டும் வைக்கவில்லை. ஏஜெண்ட் வந்து எத்தனையோ முறை கேட்டார். "வாங்கினவன் மொகத்த மறுநாள் காலைல நான்தானே பாக்கணும்" என்பார். அவ்வளவுதான் அவர் காரணம். 2003 ஜனவரியில் தமிழ்நாடு அரசு லாட்டரியைத் தடை செய்தபோது, எங்கள் கடையில் கழற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியிலேயே அமெரிக்க ஊர்கள் பல பத்தாண்டுகளைக் கழித்திருக்கின்றன. நியூயார்க் நகரம் 1942இல் பின்பால் மெஷின்களைத் தடை செய்தது. மேயர் லாகார்டியா சம்மட்டியால் அவற்றை உடைத்த படம் இன்றும் கிடைக்கிறது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகரசபைக் குழுவின் முன் நின்று, பந்து எந்தத் தடத்தில் விழும் என்று முன்கூட்டிச் சொல்லி அங்கேயே விழச் செய்தார். தடை நீங்கியது. திறமை என்று நிரூபித்துவிட்டால் குற்றமில்லை என்பதுதான் அதன் அடிப்படை.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். 'சூது துகில்' ஆடும் இரவில் சிறுவனாக மண்ணில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தவன் நான். அந்தக் கதையில் சகுனிதான் திறமைசாலி. தருமனுக்குத்தான் ஆடத் தெரியாது, ஆசை மட்டும் இருந்தது. ஒருவனுக்குத் திறமை இருந்ததுதான் அந்தச் சபையின் கொடுமையே. பாரதத்துக்குள் வரும் நளன் கதையிலும் அப்படித்தான்: இருதுபன்னனிடம் பகடை வித்தையைக் கற்ற பிறகுதான் நளன் இழந்ததை மீட்கிறான். ஆகவே திறமை இருந்தால் சூதல்ல என்ற வாதம் நம் கதைகளில் நிற்காது. இந்த மெஷினிலோ திறமை ஆடுகிறவரிடம்கூட இல்லை. மெஷினைச் செய்தவரிடம் இருக்கிறது.

ஒழுங்குபடுத்தி நடத்தலாம் என்ற யோசனையும் புதிதல்ல. அர்த்தசாஸ்திரத்தில் கௌடில்யர் சூதுக்கென்று ஒரு அதிகாரியை வைக்கிறார். ஓரிடத்தில் மட்டும் ஆட வேண்டும்; வென்ற பொருளில் நூற்றுக்கு 5 அரசுக்கு. 2013இல் ஜார்ஜியா இந்த மெஷின்களை லாட்டரிக் கழகத்தின் கீழ் கொண்டுவந்தபோது மாநிலம் எடுத்த முதல் பங்கும் 5 விழுக்காடுதான். ஆண்டுக்கு ஒன்றாக ஏறி 10 ஆயிற்று. மீதியை மெஷின்காரரும் கடைக்காரரும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். மனு இதற்கு நேர்மாறாக, அரசன் சூதை நாட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்கிறார். இரண்டு பேரும் அரசனைப் பார்த்துப் பேசுகிறார்கள். கடைக்காரனிடம் பேசியவராக எனக்குத் தோன்றுவது வள்ளுவர். அவர் சூதை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்தார். சூதில் வரும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டிலோடு ஒப்பிட்டார். தூண்டில் என்றால் கரையில் ஒரு கை அதைப் பிடித்திருக்க வேண்டும். ஐம்பது வயது வரை அந்தக் குறளை நான் மீனின் பக்கம் நின்றே படித்திருக்கிறேன்.

பாரதத்தில் அந்தக் கை திருதராஷ்டிரனுடையது. அவன் பகடையைத் தொடவில்லை. ஆட்டத்துக்கென்று மண்டபம் கட்டச் சொன்னான், அழைப்பு அனுப்பினான். அழைப்பைக் கொண்டுபோனவன் விதுரன். தவறு என்று சொல்லிவிட்டுத்தான் கொண்டுபோனான். சகுனியைவிட இவர்கள் இருவரும்தான் என்னைத் தொந்தரவு செய்கிறார்கள். தவறு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, காலை ஐந்தரைக்குக் கடையைத் திறந்து ஆறு மெஷின்களுக்கும் சுவிட்ச் போடுகிறவன் நான்.

கடையில் பாதிப் பங்கு என் மைத்துனனுடையது. மெஷின்களை எடுத்துவிடலாம் என்று அவனிடம் சொன்னேன். "மாமா, நாம எடுத்துட்டா அந்த டைல்ஸ்காரர் எதிர்க் கடைக்குப் போவார். நமக்கு வாடகை நிக்கும், அவருக்கு ஒண்ணும் மாறாது" என்றான். அவன் சொன்னது உண்மை. அவரைக் காப்பாற்ற என்னால் முடியாது. ஆனால் அவர் எங்கே ஆடுவார் என்பது வேறு, யார் வீட்டுக் கூரைக்குக் கீழே ஆடுகிறார் என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு நான்தான் பொறுப்பு. அதைச் சொல்லி அவனைச் சம்மதிக்க வைக்க நான்கு மாதம் ஆனது. இடையில் என் தங்கையும் அம்மாவும் போனில் அவன் பக்கம் பேசினார்கள்.

இன்னொன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. லாட்டரியிலும் மெஷின்களிலும் மாநிலத்துக்கு வரும் பணம் ஹோப் உதவித்தொகைக்குப் போகிறது. 3.0 சராசரி எடுக்கும் ஜார்ஜியாப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அது உதவுகிறது. என் மகள் அதில்தான் படித்தாள். டைல்ஸ்காரர் போட்ட நோட்டுகளில் ஒரு பகுதி என் வீட்டுப் பிள்ளையின் படிப்பாக மாறியிருக்கிறது. மெஷினை எடுத்துவிட்டால் அது கழுவப்பட்டுவிடாது. அவளிடம் இதைச் சொன்னேன். வேலைக்குப் போனதும் ஒரு மாணவருக்குக் கட்டணம் கட்டுகிறேன் என்றாள். அவள் கடன் அவளுடையது. என் கடனைத் தீர்க்க அவளை நான் கேட்கவில்லை.

இந்தப் பகுதியில் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மெஷின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வெள்ளி இரவு கவுண்டரை விட்டு வெளியே வந்து, அந்த நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். எங்கள் ஒப்பந்தம் ஆகஸ்ட் 31இல் முடிகிறது. புதுப்பிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். கடிதத்தில் இரண்டு கையெழுத்தும் இருக்கிறது.