சந்தேகத்துக்கும் ஒரு தர்மம்

சந்தேகப்படுவது பாவம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் சந்தேகம் என்ற ஒன்று இல்லாவிட்டால் உலகத்தில் எந்தக் கோளாறையும் யாரும் சரிசெய்ய முடியாது. வைத்தியருக்கு அது வேண்டும், நீதிபதிக்கு வேண்டும், நின்றுபோன லாரியைக் கிளப்ப வந்த மேஸ்திரிக்கும் வேண்டும். அப்படியானால் எந்தச் சந்தேகம் நியாயமானது, எது அநியாயமானது? வெகுநாள் விடை தெரியாதிருந்த இந்தக் கேள்விக்கு, நாமக்கல்லில் ஒரு வயரிங் மேஸ்திரி ஒரு காலைப் பொழுதில் விடை சொல்லிக் கொடுத்தார். அவர் வாயால் சொன்னது கொஞ்சம். கையால் சொன்னதுதான் அதிகம்.

1997-இல் தனி மாவட்டமாகும் வரையில் நாமக்கல் சேலத்தைச் சேர்ந்திருந்தது. எஞ்சினும் சக்கரமும் மட்டுமாக வெற்றுச் சேஸிஸ் இந்த ஊருக்கு வந்து சேரும். தச்சரும் வெல்டரும் பெயிண்டரும் சேர்ந்து அதற்கு உடம்பு கட்டி, வர்ணம் தீட்டி, பொட்டு வைத்து அனுப்புவார்கள். லாரி என்பது இங்கே பல குடும்பங்களுக்கு நிலம்போல, மாடுபோல. அது ஒருநாள் படுத்துக்கொண்டால் வீட்டில் அடுப்பும் யோசித்துத்தான் எரியும்.

என் பெரியப்பா மகனிடம் அப்படி ஒரு பழைய லாரி இருந்தது. நான் அவர் வீட்டுக்குப் போயிருந்த சமயம், சேலத்துப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போக வேண்டிய மரவள்ளிக் கிழங்கு அதில் ஏற்றிக் கிடந்தது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, உள்ளே கறுத்துவிடும். விடியற்காலையில் டிரைவர் சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடியும் ‘டக்’.

“பாட்டரி செத்துப்போச்சு” என்றார் அண்ணன். உடனே அவர் பார்வை கிளீனர் பையன்மேல் போயிற்று. இருபது வயதிருக்கும். முந்திய இரவு வண்டியில் படுத்தவன் அவன்தான். “ராத்திரி பூரா லைட்டைப் போட்டுட்டுத் தூங்கினயாடா?”

“இல்லீங்க மொதலாளி, அணைச்சுட்டுத்தானுங்க படுத்தேன்.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. புது பாட்டரியின் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவதாகவும் முடிவாயிற்று. பக்கத்தில் நின்ற நான் சும்மா இருந்தேனா? “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே கிடையாது” என்று என் பங்குக்கு ஒரு வாக்கியத்தை எடுத்து வீசினேன். அப்படிச் சொல்ல எனக்கு ஓர் ஆதாரமும் இல்லை. சொல்வது சுகமாக இருந்தது, சொன்னேன்.

சிறிது நேரத்தில் மேஸ்திரி வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். அண்ணன் நடந்ததையெல்லாம் சொல்லி, தீர்ப்பையும் சேர்த்துச் சொன்னார். மேஸ்திரி தலையை ஆட்டினாரே தவிர, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. பையிலிருந்து மீட்டரை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டார். அது ‘பீப்’ என்றது.

“எதுக்குங்க இது?” என்றேன்.

“மொதல்ல இது நல்லா இருக்குதான்னு பாக்கோணுமுங்க. இதுலயே ஒயர் அறுந்திருந்தா, நல்லதையெல்லாம் கெட்டதுன்னு சொல்லிப்போடும்.”

பிறகு டிரைவரிடம் முன்விளக்கைப் போடச் சொல்லி, வண்டிக்கு முன்னால் போய் நின்றார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. “இப்போ சாவியைத் திருப்புங்க.” ‘டக்’. விளக்கு மங்கவே இல்லை. செத்துப்போன பாட்டரியானால் அந்தக் கணத்தில் விளக்கு துவண்டு சிவந்திருக்க வேண்டும். மீட்டரை வைத்துப் பார்த்தார். 12 வோல்ட் பாட்டரி இரண்டு சேர்ந்த 24 வோல்ட் வண்டி அது. மீட்டர் 25-க்கு மேல் காட்டிற்று. பாட்டரி நிறைந்து இருந்தது.

பையன் குற்றமற்றவன் என்பதற்கான சாட்சி, ஒரு விளக்கைப் போட்டுப் பார்க்கும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது. எங்களில் ஒருவரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

“கரண்டு போற வழியத்தான் எல்லாரும் பாக்கறாங்க. அது திரும்பி வரோணுமல்லங்க? அதை யாரும் நெனைக்கறதில்லை” என்றபடி வண்டிக்குக் கீழே படுத்தார் மேஸ்திரி. செல்ப் மோட்டாருக்குப் போன மின்சாரம் எஞ்சின் உடம்பு வழியாக, ஓர் எர்த் பட்டை வழியாக, சேஸிஸுக்கு வந்து பாட்டரியை அடைகிறது. மீட்டரின் ஒரு முனையை எஞ்சினிலும் மற்றொன்றைப் பாட்டரியின் எர்த் முனையிலும் வைத்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் பத்துக்கு மேல் காட்டிற்று. தகுதிச் சான்றுக்காக வண்டிக்குப் புது வர்ணம் அடித்தபோது, பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்திலும் பெயிண்டைப் பூசி, மேலே முடுக்கிவிட்டிருக்கிறார்கள். மழையும் துருவும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

ஜெர்மனியில் ஆசிரியராக இருந்த ஓம் என்பவர் 1827-இல் புத்தகமாக வெளியிட்ட விதிதான் இதற்குக் காரணம் சொல்கிறது. ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலும் 300 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் அங்கேயே கரைந்துபோகும். சேஸிஸ் வழியாகவே திரும்பிவிடும் சின்ன விளக்குக்கு அந்தப் பட்டை தேவையே இல்லை. பெரிய சுமையைக் கேட்கும் மோட்டாருக்குத்தான் பட்டையின் குறை தெரியும். ஓமையும் அவர் நாட்டில் பலர் முதலில் மதிக்கவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்து மதித்தது.

மேஸ்திரி அப்போதும் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. ஒரு தடித்த கேபிளால் எஞ்சினையும் பாட்டரி முனையையும் நேராக இணைத்துவிட்டு, “இப்போ திருப்புங்க” என்றார். எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பிற்று. அதன் பிறகுதான், “எர்த்துதானுங்க” என்றார். பட்டையைக் கழற்றி, உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, இறுக முடுக்கி, வாசலின் தடவினார்.

அண்ணனும் சந்தேகப்பட்டார், மேஸ்திரியும் சந்தேகப்பட்டார். மேஸ்திரியின் சந்தேகம் தன் கருவியிலிருந்து ஆரம்பித்தது. ஒவ்வொரு பாகத்துக்கும், ‘நான் நல்லவன்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுத்தது. எங்கள் சந்தேகமோ முதல் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. ஏன் அந்தப் பையனிடம் போய் உட்கார்ந்தது? யோசித்துப் பார்த்தேன். பாட்டரி விலை அதிகம். செல்ப் மோட்டாரைக் கழற்றுவது சிரமம். அந்த வண்டியிலேயே சுலபமாகக் கழற்றி எறியக்கூடிய பாகம் அவன்தான். வீடுகளிலும் அலுவலகங்களிலும் இதைத்தானே செய்கிறோம்? நகை காணாமற்போனால் வேலைக்காரி. கோப்பு காணாமற்போனால் பியூன். அவர்கள் குற்றம் செய்யவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தோமா என்றுதான் கேட்கிறேன்.

தவறாக மாற்றிய பாட்டரியைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்துவிடலாம். அறைந்த அறையை எங்கே வைப்பது?

அண்ணன் மேஸ்திரிக்குப் பணம் கொடுத்தார். பையனைப் பார்த்து, “சரி சரி, ஏறுடா வண்டியிலே” என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேல் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவனருகே போனேன். அவன் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். சொல்ல நினைத்தது தொண்டைக்கு வரவில்லை.

“சாப்பிட்டயா தம்பி?” என்றேன்.

“இன்னும் இல்லீங்க” என்றான், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய் சாப்பாட்டை விசாரித்துத் தப்பித்துக்கொண்டது. லாரி சேலம் சாலையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.