திருத்தல யாத்திரையும் மீண்டுவரும் உரிமையும்

டிசெம்பர் மாதப் பூரணை தொடங்கி வெசாக் பூரணை ஈறாக ஆண்டுதோறும் அட்டன் புகையிரத நிலையத்தில் யாத்திரிகர் வந்திறங்கியவண்ணம் இருப்பர். மஸ்கெலியா வழியே நல்லதண்ணி சென்று சிவனொளிபாதமலை ஏறுவோர் அவர். உச்சியிலுள்ள அடிச்சுவட்டினைப் பௌத்தர் புத்தருடையது என்பர். சைவர் சிவனுடையது என்பர். இஸ்லாமியர் ஆதாமுடையது என்பர். போர்த்துக்கேயர் காலத்தில் அதனைப் புனித தோமையாரோடு இணைத்த கிறித்தவரும் உளர். இவ்வாறு நாட்டின் நாற்றிசையினரும் நாடிவரும் மலையின் அயலிற் கொழுந்து பறித்து வாழும் ஒரு கத்தோலிக்கத் தம்பதியர், பல்லாண்டுச் சேமிப்பைச் செலவிட்டுக் கடல் கடந்து வேளாங்கண்ணிக்குச் செல்கின்றனர் எனக் கொள்வோம். அங்ஙனம் செல்வது தக்கதுதானா என்னும் வினா எழுவது இயல்பே.

வேளாங்கண்ணி, நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த ஆரோக்கிய மாதா திருத்தலம். 1962 இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அதனைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். ஆகஸ்ட் 29 இல் கொடியேறி, செப்டெம்பர் 8 இல் மாதாவின் பிறந்தநாளோடு பெருவிழா நிறைவுறும். குழந்தை வேண்டித் தொட்டில் கட்டுவோரையும், மணலில் முழந்தாளால் ஊர்ந்து நேர்ச்சை செலுத்துவோரையும் அங்குக் காணலாம். மடுவும் தலவிலும் இந்நாட்டிலேயே உள்ளனவே என்று கூறலாம். மலையகத்தார் அங்கும் செல்கின்றனர். ஆயின் வேளாங்கண்ணி மாதாவுக்கென நேர்ந்துகொண்டதை மடுவிற் செலுத்த மனம் ஒப்புவதில்லை.

இடந்தோறும் நிறைந்த இறைவனைக் காண இடம் பெயர்வது எதற்கு என்பது பழைய வினா. நான்காம் நூற்றாண்டினரான நிசா நகர்க் கிரகோரியார், எருசலேம் செல்லுமாறு ஆண்டவர் யாரையும் பணிக்கவில்லை என்றும், இடமாற்றம் இறைவனை அண்மையிற் கொணராது என்றும் ஒரு கடிதத்தில் வாதிட்டார். அவர் எருசலேமை நேரிற் கண்டு திரும்பியபின் எழுதியவர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்! நம் சித்தர்களும் இதனையே இன்னும் கடுமையாகக் கூறினர். இறையியல் நோக்கில் இக்கருத்தை மறுத்தல் அரிது. எனினும் நேர்ச்சை செலுத்தச் செல்பவர், கொடுத்த வாக்கொன்றைக் காக்கவே செல்கின்றார். இறைவன் எங்குள்ளான் என்னும் விசாரம் அவருக்கு இல்லை. கடனை வாங்கிய வாசலிற் சென்று தீர்ப்பது மக்கள் வழக்கு.

பணம் பற்றிய மறுப்பு இதனினும் வலியது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது 2021 இலேதான். பின்னர் அது உயர்ந்ததாயினும், இருவர் கடல் கடந்து சென்று மீளும் செலவு அச்சம்பளத்துக்கு மலையெனவே நிற்கும். பிள்ளையின் படிப்பை ஈடுவைத்துச் செய்யும் யாத்திரையை நான் ஆதரியேன். திருச்சபையும் அதனைக் கோரவில்லை. தக்க காரணம் இருப்பின், கொடுத்த நேர்ச்சையினின்று விடுவிக்கவும், அதனை வேறொரு நற்செயலாக மாற்றவும் பங்குக் குருவுக்கே அதிகாரம் உண்டு. மேலும், நேர்ந்தவர் ஒருவராகவும் உழைத்தவர் மற்றவராகவும் இருத்தல் கூடும். மனைவியின் இசைவின்றிக் கணவன் நெடும் யாத்திரை நேர்தல் ஆகாது என்பதே மத்திய காலத் திருச்சபைச் சட்டத்தின் பொதுவிதி. சிலுவைப் போருக்குச் செல்லும் கணவருக்கு மாத்திரம் 1201 இல் மூன்றாம் இன்னசென்ற் அதனைத் தளர்த்தினார். போருக்கென வந்தபோதுதான் விதி வளைந்தது! தோட்டத்திற் பெண்ணின் கூடையே குடும்பத்தைத் தாங்குவதால் அப்பழைய விதி இன்றும் பொருளுடையது.

இம்மறுப்புகள் எவையும் மலையகத்தவரின் யாத்திரைக்கேயுரிய தன்மையைத் தொடவில்லை என்பது என் கருத்து. காசியில் உயிர்விடச் செல்வோரை விலக்கி நோக்கின், யாத்திரை என்னும் கருத்தினுள்ளேயே மீட்சியும் அடங்கியுள்ளது. சென்று மீளாதவன் அகதி, அல்லது நாடுகடத்தப்பட்டவன். 1948 ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் ஒப்பமிடப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974 இற் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. உறவினர் மேடையில் நின்று கதற, கோச்சி அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்றது. அங்கிருந்து கப்பல் இராமேசுவரம் சேர்த்தது. அன்று வேளாங்கண்ணி இருக்கும் தமிழகக் கரைக்குச் செல்லல் எளிதாயிற்று, மீளல் இயலாதாயிற்று. ஒரே கடலைத்தான் இன்று நேர்ச்சைக்காரத் தம்பதியரும் கடக்கின்றனர். ஒப்பந்த நாள்முதல் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் எஞ்சிய நாடற்றோர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் 2003 ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கியமையாலேயே, கடவுச்சீட்டோடு போய்வருவது அத்தகையோர்க்கும் கைகூடிற்று. தோட்டத்து முதியோர் வாயில் 'ஊர்' என்பது பாட்டன் விட்டுவந்த தமிழகக் கிராமத்தையே குறிக்கும். அவ்வூருக்கு அருகே சென்றும், அங்குத் தங்காது, வாங்கிய மாதா சுரூபத்தோடு அட்டனுக்கே திரும்புகின்றவர், தம் வீடு எதுவென்பதைச் சொல்லாமற் சொல்கின்றார். இவ்வுரிமையைச் சேமிப்புப் பணத்தால் மட்டும் அளந்து வீண்செலவு என்பது எனக்கு உடன்பாடன்று.

ஆயின் திரும்பிவரும் அவ்வீடு எத்தகையது? ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த லயன்களில் இன்றும் பலர் வாழ்கின்றனர். அறையும் அது நிற்கும் நிலமும் தோட்டத்தின் உடைமை. பெரும்பாலோர் கையில் உறுதிப் பத்திரம் இல்லை. குருவானவர் வந்து வீட்டை மந்திரித்துச் சுரூபத்தைச் சுவரில் ஏற்றிவைக்கும்போது, அச்சுவரில் ஆணி அறைவதற்கும் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டுமா என்பது இன்னும் தீர்க்கப்படாத வினா.